மரைக்கார் கிணறு

நவம்பர் 29

இன்று பள்ளிவாசல் கிணற்றடியில் நின்றவர்கள்: என் மகள் பஸ்மிலா, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு. அவள் மாப்பிள்ளை அஹ்ஸன், இரண்டு கையிலும் கேன். பேத்தி சஹ்லா. என் மகன் ஸஜாத். அவன் பொஞ்சாதி றுஸ்தா. றுஸ்தாவின் வாப்பா ஸிராஜ், எங்கள் தெருப் பள்ளியின் தலைவர், எல்லாருக்கும் நடுவில். பிறகு நான், றுகையா, மதிலோரமாக ஒதுங்கி. மற்றது தெருச் சனம், வரிசையில். பெயர்களை எழுதி வைக்கிறேன். ஆர் நின்றது, ஆர் நிற்கவில்லை என்று பிறகு ஒருத்தரும் மாற்றிக் கதைக்கக் கூடாது.

வெள்ளம் ஆற்றுப் பாலத்தடியில் பெரிய குழாயை உடைத்துக்கொண்டு போய்விட்டதாம். மேற்கே குளத்திலிருந்து வயல்களைத் தாண்டி ஊருக்கு வருகிற தண்ணீர் முழுக்க அந்தக் குழாய்க்குள்ளால்தான் வரவேண்டும். வீட்டுப் பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. இழுப்புக்காரன் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம். கேட்க ஏலாமல் மூடிவிட்டேன்.

அதனால்தான் மரைக்கார் கிணற்றைத் திறந்தார்கள். ஸிராஜின் வாப்பா கட்டினது, வருஷக் கணக்காகக் கொங்கிறீட் மூடி போட்டுக் கிடந்த கிணறு. ஸிராஜ் மோட்டர் போட்டு அடி தெரிய இறைத்தான். ஊறி வந்ததும் திரும்பவும் இறைத்தான். மூன்றாம் தரம் ஊறிய தண்ணீரை வாளியில் அள்ளி, மணந்து பார்த்து, வாய் கொப்பளித்துத் துப்பினான்.

“நிறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசி மாறல்ல. ஒழுச் செஞ்சு தொழலாம், குடிக்கலாம். வாப்பாக்கு ஒரு துஆச் செஞ்சிட்டுக் கொண்டு போங்க.”

சனம் துஆச் செய்தது. பள்ளிக் கக்கூசுக் குழி கிணற்றுக்குப் பின்னால்தானே இருக்கிறது, அது வெள்ளத்தில் நிறைந்து கிடக்கிறதே என்று நான் சொன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 30

மழை விடவில்லை. கேஸ் முடிந்துவிட்டது. விறகு நனைந்து புகைகிறது. இருக்கிற நெருப்பில் சோறு ஆக்குவதா, தண்ணீர் கொதிக்க வைப்பதா?

எனக்குப் பீலித் தண்ணீர் போதும். கூரையிலிருந்து பீலி வழியாக விழுவதை டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன். பஸ்மிலாவையும் அதைக் குடிக்கச் சொன்னேன். தகர நாற்றம், ஓங்காளம் வருகிறது என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, எப்படி வற்புறுத்துவது?

“அந்தக் கிணத்துத் தண்ணி வேணாம் மகள்.”

“உம்மா, நீங்க அந்தாளோட உள்ள கோவத்தத் தண்ணிக்கு மேல காட்டாதீங்க.”

அஹ்ஸனும் சிரித்தான். மாமிக்கு ஸிராஜ் அள்ளித் தந்தது எண்டால் மக்கத்து ஸம்ஸம் தண்ணியும் உப்புக் கரிக்கும் என்றான்.

கோபம் இருக்கிறதுதான். ஏன் இல்லாமல் இருக்கும்? கடல் வந்த வருஷம் இந்த ஊரில் குடிக்க ஒரு சொட்டு இல்லை. எல்லாக் கிணறும் உப்பு. சனம் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க இன்னும் உப்பு ஊறியது. மண் எங்கே இருந்தாவது இழுத்துக் கொடுக்கும், நல்லதா கெட்டதா என்று அது பார்க்காது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் அகதி. கரைவலை இழுக்கப் போன என் புருஷனைக் கடல் கொண்டு போய்விட்டது. பஸ்மிலாவுக்குக் காய்ச்சல், நாக்கு உலர்ந்து கிடக்கிறாள். தண்ணீர் லொறி, பவுசர், வந்தது. வரிசையைக் காத்தவன் ஸிராஜ், கையில் கம்போடு. என் முறை வந்தபோது குழாயைத் திருப்பித் தன் உம்மாவின் டிரம்முக்குள் விட்டான். “கரைவலைக்காரன் பொஞ்சாதி கொஞ்சம் பொறுக்கட்டும்” என்றான். பவுசர் காலியாகிவிட்டது.

அந்தச் சொல்லை அவன் மறந்திருப்பான். நான் அவன் போட்டிருந்த சேட்டின் நிறத்தைக்கூட மறக்கவில்லை.

பிறகு என் மகன் அவன் மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். கொடுத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகிறவன். ஸஜாத் அந்த வீட்டுக்குப் போனான்.

ஆனால் நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னது கோபத்தில் இல்லை. பயத்தில். அதை ஆரிடம் சொல்லி நம்ப வைப்பது?

டிசம்பர் 1

பஸ்மிலா இரண்டு கோப்பை குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 3

ஸஜாத் வந்தான். அவனுக்குச் சுகாதாரக் கந்தோரில் வேலை. தண்ணீர் சோதிக்கிற போத்தலும், கிணற்றுக்குப் போடுகிற மருந்துத் தூளும் தூக்கிக்கொண்டு பெரியவர்களுக்குப் பின்னால் திரிகிற வேலை. முந்தாநாள் பள்ளிக் கிணற்றிலும் போத்தலில் எடுத்துக்கொண்டு போனதை நான் கண்டேன்.

கதிரையின் விளிம்பில் இருந்தான். கிணற்றுத் தண்ணீரைக் கிளாசில் வார்த்து அவன் முன்னால் வைத்தேன். பஸ்மிலாவும் பக்கத்தில் இருந்தாள்.

“நீ இந்த வேலை செய்யிறவன். உண்மையச் சொல்லு மகன். இந்தத் தண்ணிய இவள் குடிக்கலாமா?”

கிளாசைப் பார்த்தான். பஸ்மிலாவின் வயிற்றைப் பார்த்தான்.

“எல்லாரும் குடிக்கிறதானே உம்மா. பயப்படாதீங்க.”

“கேட்டாச்சா? இப்ப மனசு ஆறிட்டா?” என்று பஸ்மிலா சிரித்துக்கொண்டு அந்தக் கிளாசையே எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

தேத்தண்ணி போட்டேன். அவசரம் என்று குடிக்காமல் போய்விட்டான். பொஞ்சாதி வீட்டுத் தேத்தண்ணிதான் இப்போது ருசி போல.

ஆனாலும் அவன் சொன்னபிறகு நெஞ்சு கொஞ்சம் இளகியது. படித்த பிள்ளை. அவனுக்குத் தெரியாததா.

டிசம்பர் 6

பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் செம்மண் நிறம், பிறகு தெளிவு. அல்ஹம்துலில்லாஹ். கிணற்றை மூடவில்லை. இனி எப்போதும் திறந்தே இருக்கட்டும், வாப்பாவுக்கு நன்மை போய்ச் சேரட்டும் என்று ஸிராஜ் சொன்னானாம்.

டிசம்பர் 26

பள்ளியில் கடல் கொண்டு போனவர்களுக்குக் கத்தம் ஓதினார்கள். இந்த நாளில் எனக்குத் தண்ணீர் நினைவுதான் வரும். ஆட்கள் நினைவு மற்ற நாளெல்லாம் வருகிறது.

நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது கடற்கரை மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதுதான் பூவல். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்பவேண்டும். கொஞ்ச நேரம் பிந்தினால் கலங்கிவிடும். பெண்கள் அந்த இடத்தில் மயிரைப் பிடித்துச் சண்டை பிடிப்பார்கள். பிறகுதான் ஸிராஜின் வாப்பா, மரைக்கார், பள்ளி வளவில் கொட்டு வளையம் இறக்கிப் பெரிய கிணறு கட்டினார். சாதி பாராமல், பக்கத்தூர்ப் பாண்டிருப்புத் தமிழ் ஆட்களும் வந்து அள்ளினார்கள். ஊருக்குப் பொதுவாக வந்த முதல் தண்ணீர் அதுதான். அந்த மனுசனை நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். சண்டைக் காலத்தில் அடிபம்பு வந்தது. அதற்குப் பிறகு கடல், அதற்குப் பிறகு கறுப்புத் தாங்கியும் பவுசரும். கடைசியாகத்தான் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தது. வந்த அன்று நான் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். அதோடு கிணறுகளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வளவு சின்னன், வீடு பெருத்துவிட்டது, கக்கூசுக் குழிகளைக் கிணற்றைத் தொட்டுக்கொண்டு வெட்டினார்கள். இனி ஆர் அதைக் குடிக்கப் போகிறது என்றார்கள்.

பஸ்மிலா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மீன் மணம் பட்டாலே சத்தி எடுக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏழாம் மாதத்தில் இப்படி வருமா? எனக்கு வரவில்லையே.

டிசம்பர் 28

பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் கண் மஞ்சளாம். செங்கமாரி என்கிறார்கள். நான் பஸ்மிலாவின் கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

டிசம்பர் 29

சுஜித்தா மிஸ் வந்தா. பாண்டிருப்பு ஆள், எங்கள் பக்கத்துக் குடும்ப மருத்துவிச்சி. சஹ்லா பிறக்கும்போதும் அவதான் வீட்டுக்கு வந்து பார்த்தவ. வழமையாகக் கதையும் சிரிப்பும். இன்று பஸ்மிலாவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளிச்சத்தில் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தா. சிரிப்பு நின்றுவிட்டது.

“உம்மா, நாளைக்கு எண்டு வைக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வரவே கூடாது.”

ஏன் கூடாது என்று கேட்கவில்லை. அவவின் முகத்தில் பதில் இருந்தது. உடுப்பு எடுத்துவைக்கப் போனேன். எதை எடுத்தேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் பையைத் திறந்தால் சஹ்லாவின் பள்ளிக்கூடச் சட்டையும் கிடக்கிறது.

டிசம்பர் 31

டொக்டர் சின்னப் பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று கேட்டா. வெள்ளத்துக்குப் பிறகு எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்? கொதிக்க வைத்ததா? அஹ்ஸன் கிணற்றைச் சொன்னான். அவ தலையை ஆட்டிவிட்டு எழுதினா. வெள்ளத்தோடு மலக்குழித் தண்ணீர் கலந்தால் இது வருமாம். குடித்து நாலைந்து கிழமை போனபிறகுதான் காட்டுமாம். ஆம்பிளைகளுக்குத் தன்பாட்டில் சுகமாகிவிடும், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈரல் தாங்காமல் போகலாமாம்.

நாலைந்து கிழமை! நாங்கள் சிரித்துக்கொண்டு சோறு தின்ற நாளெல்லாம் அது உள்ளே இருந்திருக்கிறது. அதுக்கிடையிலதான் புள்ளைக்குச் சட்டை, தொப்பி எல்லாம் வாங்கினோம். யா அல்லாஹ்.

ஜனவரி 2

தண்ணி கேட்டாள். “உம்மா, தண்ணி.” போத்தல் மூடியைத் திறந்துவிட்டுக் கொடுக்காமல் நின்றேன். கடையில் வாங்கிய புதுப் போத்தல்தான். கை போகவில்லை. தாதி வந்து பறித்துக் கொடுத்தா.

ஜனவரி 3

றுஸ்தா பார்க்க வந்தாள். நல்ல பிள்ளை, அவளை ஒன்றும் சொல்வதற்கில்லை. பஸ்மிலாவின் காலைப் பிடித்து அழுதாள். பிறகு வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். உங்கள் வீட்டில் ஆருக்கும் இப்படி இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன். வாய்க்கு வந்ததைக் கேட்டேன், வேறு ஒரு நினைப்பும் இல்லை.

“இல்ல மாமி. அவர் அந்தத் தண்ணிய வாயிலயும் வைக்க வேணாம் எண்டு சொன்ன. பாண்டிருப்பில அவரோட வேல செய்யிற அழகரெத்தினம் ஐயாட வீட்டுத் தாங்கியில இருந்துதான் எங்களுக்குக் கேன்ல கொண்டு வந்த.”

“எப்ப சொன்ன?”

“அந்தப் போத்தல் சோதிச்சி வந்தண்டைக்கு. செவ்வாக்கிழம.”

அவன் என் வீட்டுக் கதிரையில் இருந்தது புதன்கிழமை.

றுஸ்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் சொல்லியிருப்பார்தானே மாமி என்றாள். நான் ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்? தெரியாது. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் பாத்துக்கொண்டு இருந்தான். என்ட புள்ள குடிச்சி முடிக்கிற மட்டும் பாத்துக்கொண்டு இருந்தான். தொண்டைக்குள்ளால இறங்குறதப் பாத்தான். எழும்பிக் கிளாசத் தட்டிவிட ஒரு கை இல்லையா அவனுக்கு?

ஜனவரி 4

பஸ்மிலா என்னை ஆரென்று கேட்டாள். ஈரல் பழுதானால் மூளையும் மயங்குமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு யாஸீன் ஓதினேன். எனக்கு மனப்பாடம், ஆனால் நடுவில் விட்டுவிட்டது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விட்டுவிட்டது.

ஜனவரி 5

கண்ணாடிக் கதவு. அதற்குள்ளே விட மாட்டார்கள். அஹ்ஸன் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நிற்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பி நிற்கிறேன். எங்கள் பெயரைக் கூப்பிடக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று இருக்கிறேன்.

ஜனவரி 6

கூப்பிட்டார்கள்.

பிள்ளை இல்லை. ஆம்பிளைப் பிள்ளை. வயிற்றிலேயே போய்விட்டது.

பஸ்மிலா உயிரோடு இருக்கிறாள். இன்னும் கண் திறக்கவில்லை.

ஜனவரி 7

பெயர் வைக்க வேண்டும் என்று பள்ளி லெப்பை சொன்னார். பஸ்மிலாவைக் கேட்க ஏலாது. அஹ்ஸன் பர்ஸான் என்று வைத்தான். அதற்கு மேல் எழுத எனக்கு ஏலவில்லை. கழுவுகிற தண்ணீரை நான்தான் ஊற்றினேன். ஒரு செம்பு போதுமாக இருந்தது.

ஸஜாத் அடக்கத்துக்கு மையவாடிக்கு வந்தானாம். பின்னால் நின்றானாம்.

ஜனவரி 9

பஸ்மிலா கண் திறந்தாள். என்னைத் தெரிந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 12

உடுப்பு மாற்ற ஊருக்கு வந்தேன். ஸிராஜ் வந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை, வாசலில் நின்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மைக்கில் தானே எழும்பிச் சொன்னானாம்: கிணற்றை மூடச் சொல்லிக் கந்தோரில் இருந்து சொல்லி அனுப்பினார்கள், நான் மூடவில்லை, குடித்துப் பாதிக்கப்பட்ட எல்லாரும் என்னை மன்னிக்கவேண்டும் என்று. கிணற்றுக்குள் மண்ணைக் கொட்டித் தூர்த்துவிட்டானாம், வாப்பா கட்டின கிணற்றை. மீசையெல்லாம் நரைத்த ஆள், சின்னப்பிள்ளை மாதிரி தோள் குலுங்குகிறது.

“ராத்தா, நான்தான் ஸஜாத்துக்கிட்டச் சொன்ன. வெள்ளிக்கிழம மட்டும் பொறு மகன், அதுக்குள்ள பைப்பு வந்திரும். வாப்பாட கிணத்த மலத்தண்ணி எண்டு ஊருக்குள்ள சொல்ல வைக்காத எண்டு. கபுருக்குள்ள இருக்கிற மனுசனுக்கு நன்மை போய்க்கொண்டிருக்கு, அத நிப்பாட்ட எனக்கு மனம் வரல்ல. மன்னிச்சி ஹலால் பண்ணுங்க ராத்தா.”

நான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வாயால்தான் பவுசரடியில் அந்தச் சொல்லைச் சொன்னான். எத்தனை வருஷமாக இவன் என் முன்னால் வந்து தலை குனிய வேண்டும் என்று இருந்தேன். வந்து குனிந்தான். எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

“நீங்க உங்கட வாப்பாக்காகச் செஞ்ச” என்றேன். “ஹலால். போங்க.”

ஜனவரி 25

பஸ்மிலாவை வீட்டுக்குக் கொண்டு வந்து நாலு நாள். சுஜித்தா மிஸ் வந்து கண்ணைப் பார்த்தா. வெள்ளை வந்துவிட்டது, கொஞ்சம் சிரிக்கப் பழகுங்கோ என்று அவளுக்குச் சொன்னா. இரவில் சஹ்லா உம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள். பைப்பில் தண்ணீர் வருகிறது. வந்தாலும் ஒரு பானை கொதிக்கக் கொதிக்க அடுப்பில் இருக்கிறது. பஸ்மிலா கிளாசை வாங்கினால் முதலில் என்னைப் பார்க்கிறாள். நான் ஒரு மிடறு குடித்துக் காட்டிய பிறகுதான் குடிக்கிறாள்.

ஸஜாத் தினமும் வருகிறான். கேற்றடியில் நிற்கிறான். இன்று நான் வெளியே போனேன்.

“உம்மா, நான் மாமாட வீட்ட இருக்கிறவன். அவர மீறி எப்பிடிச் சொல்ற? எப்பிடியும் அவள் அதுக்கு முன்னமே நாலு நாள் குடிச்சிட்டாள்தானே, ஆருக்குத் தெரியும், முதல் நாளே வந்திருக்கலாம்.”

அஹ்ஸனும் இதைத்தான் சொல்கிறான், அவன் மனசு நல்ல மனசு. இருக்கலாம். முதல் வாளியிலேயே வந்திருக்கலாம். அல்லாஹ்தான் அறிவான். அது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது, நான் கேட்டேன். மகன் என்று கூப்பிட்டு, உண்மையச் சொல்லு என்று கேட்டேன்.

“உன்ன அந்த வீட்டுக்குக் குடுத்தது நான்தான். உன்ட தங்கச்சியையும் சேத்தா குடுத்த?” என்றேன். கேற்றுக் கம்பியைப் பிடித்தான். நான் உள்ளே வந்துவிட்டேன். கேற்றைப் பூட்டவில்லை. வரட்டும், சோறு கேட்டால் போடுவேன். நான் மவுத்தானால் என் உடம்பு வைத்த சந்தூக்கைத் தூக்கவும் உரிமை உள்ளவன், தூக்கட்டும்.

இன்று அஸர் தொழுதுவிட்டு, எனக்கு அநியாயம் செய்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து விட்டுக்கொடுத்தேன். நிறையப் பேர். பூவலடியில் என் குடத்தை உடைத்தவளையும் விட்டேன். ஸிராஜை முதலிலேயே விட்டாச்சு. கடலையும் விட்டேன்.

ஒருவனை விட ஏலவில்லை. மறுமையில் என்னிடம் கேட்டால், அங்கேயும் இந்தப் பெயரைத்தான் சொல்வேன். என் வயிற்றில் பிறந்த மகன், ஸஜாத்.